எஞ்சின் மாற்றிய லாரி இழுக்கவில்லையா? டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் எஞ்சின் மாற்றிய லாரிகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. காலி வண்டியாக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சுமை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். கியரைக் குறைத்தாலும் வேகம் எழாது. உடனே எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்ச அழுத்தம் தரும் பெரிய பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே பம்ப் நன்றாகவே இருக்கிறது. பெஞ்சுக் கூலியும் போய், நடை வாடகையும் போய், வண்டி அதே ஏற்றத்தில் மறுபடி திணறுகிறது. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவர்கள் இப்படி அலைக்கழிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மாறியது எஞ்சின் மட்டும்தான். டேங்க், உறிஞ்சு குழாய், ஹோஸ், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் எல்லாம் சேசிஸில் பழையபடியே கிடக்கின்றன. எஞ்சின் இறங்கிக் கிடந்த நாள்களில் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கும். டேங்க் அடியில் தண்ணீரும் கசடும் சேர்ந்திருக்கும். ஆகவே பம்பில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் கேன் சோதனை செய்யுங்கள். அதாவது டேங்க்கை விட்டுத் தனிக் கேனிலிருந்து டீசல் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பாருங்கள்.

ஃபில்டரின் வெளிவாயிலில் டீ இணைப்புப் போட்டு 0 முதல் 6 பார் வரை அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். முதலில் டேங்க் டீசலிலேயே எஞ்சினை ஓட்டி, ஐடிலிலும் முழு ரேஸிலும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிவையுங்கள். பிறகு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, சைலன்சரிலிருந்து விலக்கி, பம்பின் மட்டத்துக்கு வைத்துக் கட்டுங்கள். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்குத் தள்ளும் ஃபீட் பம்பிலிருந்து புது ஹோஸ் ஒன்றைக் கேனுக்குள் விடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குத் திருப்புங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை இன்லைன் பம்ப் உள்ள எஞ்சின்களில் பொதுவாக 1 முதல் 2 பார் வரை நிற்க வேண்டும். சரியான அளவுக்கு அந்த மாடலின் சர்வீஸ் புத்தகமே பேச்சு. டேங்க்கில் ஓடும்போது முள் சரிந்து, கேனில் நிமிர்ந்தால் பம்பைத் தொடவே வேண்டாம். கோளாறு சேசிஸில் இருக்கிறது.

அப்படியானால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஓடி நின்ற வண்டியில் மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். அதன்பின் ஹோஸ்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸுக்குள்ளே ரப்பர் உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் மடங்கி வழியை அடைப்பதுண்டு. சந்தேகப்பட்டு நிற்பதைவிட மாற்றிவிடுவது மலிவு. பழைய எஞ்சினைவிடப் பெரிய எஞ்சின் ஏற்றியிருந்தால் குழாயின் உள் விட்டத்தையும் அளந்து பாருங்கள். பழைய குழாய் அதன் தேவைக்குப் போதாமல் போகலாம்.

காற்று இழுப்பது தனிக் கோளாறு. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துக் கசிவு தேடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். செப்பரேட்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் போட்டு ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில குமிழிகள் போவது இயல்பு. குழாயில் சிக்கிய காற்றை, அதாவது ஏரை, முழுவதும் வெளியேற்றிய பிறகும் பொடிக் குமிழிகள் இடைவிடாமல் கோத்துக்கொண்டு போனால், டேங்க்குக்கும் அந்த ஹோஸுக்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய செம்பு வாஷரைத் திருப்பிப் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

கேனில் ஓட்டியும் முள் எழவில்லை என்றால் ரிட்டர்ன் பக்கம் வாருங்கள். பம்பின் ரிட்டர்னில் இருப்பது பார்வைக்குச் சாதாரண பேஞ்சோ போல்ட், அதாவது நடுவே துளை வழியாக டீசல் போகும் போல்ட், போலிருக்கும். உண்மையில் அது ஓவர்ஃப்ளோ வால்வு. எஞ்சின் மாற்றும்போது போல்ட்களை ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிட்டு, அந்த இடத்தில் வெற்று போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். டீசல் தடையின்றி டேங்க்குக்குத் திரும்பிவிடும், பம்புக்குள் அழுத்தம் நிற்காது. போல்ட்டின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு என்றால் உள்ளே குண்டு அல்லது ஸ்பிரிங் வழியை மறித்து நிற்கும். வெற்று போல்ட்டில் காலித் துளைதான். ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் இதே கோளாறைத் தரும். இதுவும் சரி, ஃபில்டரும் புதிது என்றால் ஃபீட் பம்பைக் கழற்றுங்கள். பெரிய பம்ப் கடைசி.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயில் மிகை அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் காமன் ரெயில் எஞ்சின் ஏற்றியிருந்தாலும் டேங்க் பக்கத்து வேலை இதேதான். அங்கே கூடுதலாக ஸ்கேனர் வேண்டும். எஞ்சினின் கம்ப்யூட்டர் கேட்ட ரெயில் அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் சுமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஸ்டார்ட் ஆகவே சுமார் 200 பார் வேண்டும். முழுச் சுமையில் 1600 பார் வரை போகும். டீசல் வரத்து சரியாக இருந்தும் ரெயில் அழுத்தம் விழுந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடுங்கள். எந்த பாட்டில் மற்றவற்றை முந்துகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை விடுகிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இன்லைன் பம்ப் எஞ்சினில் பழகிய கை, ஓடும்போதே இன்ஜெக்டருக்குப் போகும் நாசில் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கப் போகும். காமன் ரெயிலில் அது கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். முள் குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனால் தாமதித்தால் விரலோ கையோ போய்விடும். உடனே அறுவைச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே பைப்பில் கை வையுங்கள்.

வேலை முடிந்ததும் கேஜை நீளமான ஹோஸில் வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடிக்கு வெளிப்புறம் கட்டுங்கள்; டீசல் ஹோஸ் கேபினுக்குள் வரக் கூடாது. சுமையோடு ஏற்றத்தில் ஓட்டும்போது முள்ளைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். அங்கேயும் முள் அசையாமல் நின்றால்தான் வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை மறுபடி மாற்றிப் பழையதை அறுத்துப் பாருங்கள். கருப்பு ரப்பர் துணுக்குகள் இருந்தால் மாற்றாமல் விட்ட ஹோஸ் ஒன்று இன்னும் உள்ளே உரிந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் பதிவு செய்யும் வேலையும் மறக்கக் கூடாதது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதற்கானது.