கற்பனைப் பேரரசு கட்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டேபிள்டாப் ஆர்.பி.ஜி. விளையாடுகிற ஒரு குழு, கடையில் வாங்கின உலகம் வேண்டாம், நமக்கென்று ஒன்றை நாமே உண்டாக்குவோம் என்று உட்கார்ந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பேரரசு பிறந்துவிடும். பெரிய தலைநகரம், ஆயிரம் வருட வம்சம், கொடியில் ஒரு மிருகம். அப்புறம் யாராவது ஒருவர், “சரி, இவங்களுக்கு எதிரி யாரு?” என்று கேட்பார். வடக்கே ஓர் இருண்ட நாடு, அங்கே ஒரு கொடுங்கோலன் என்று இரண்டு வரியில் பதில் வரும். மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாம் முறை விளையாட உட்காரும்போது, அந்தக் கொடுங்கோலனின் பெயர் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

பேரரசை முழுசாகச் செய்து முடித்துவிட்டு எதிரியைக் கடைசியில் ஒட்டவைக்கிறார்களே, நான் பார்க்கிற தவறுகளில் இதுதான் பெரியது. மற்றவற்றில் பலவும் இதிலிருந்து கிளைத்தவை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள் மலை, வயல், கடல், கணவாய் எல்லாம் அடக்கம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். அதற்குத் தண்ணீர் மேலே கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து இறங்கி வர வேண்டும். உப்பு கடலோர அளங்களில் விளைகிறது. கிழக்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போக ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809-ல், ஆங்கிலக் கம்பெனிப் படை அந்தக் கணவாயின் அரண்களை உடைத்துத்தான் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது.

இந்த நில அமைப்பை அப்படியே எடுத்து கற்பனை உலகத்துக்குள் போட்டுப் பாருங்கள். நெல் விளைகிற சமவெளியில் ஒரு பேரரசு. கார்வயல் என்று பெயர் வைப்போம். அதன் படை எவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள். அதனிடம் என்ன இல்லை என்று கேளுங்கள். தண்ணீரை விடும் மதகு மலையில் இருக்கிறது. அது மேல்மடையார் என்ற கூட்டத்தின் கையில். உப்பு கடற்கரைக்காரர்களிடம். உழவு மாடு, கணவாய்க்கு அப்பால் காற்றடிக்கிற வறண்ட பூமியில் மேய்ச்சல்காரர்களிடம். இப்போது மூன்று போட்டிக்காரர்களும் பேரரசோடு சேர்ந்தே பிறந்துவிட்டார்கள். மூவரில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் மேல்மடையார் ஒரு பருவம் மதகை இறக்கிவிட்டால் கீழே பஞ்சம். ஏன் இறக்கினார்கள் என்று கேட்க பிளேயர்கள் மலையேறினால் முதல் நான்கு செஷனுக்கு வேலை இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்க மேசைகளில் இந்தக் கட்டம் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“ஒன் ராச்சியத்துக்கு உப்பு எங்கேருந்துடே வருது?”

“அதெல்லாம் வெளியேருந்து வேண்டிக்கிடுவாவ மக்கா.”

“ஆருகிட்டேருந்து?”

“கடக்கரையில கொஞ்சம் பேரு இருக்காவ.”

“அவியளுக்கு ராசா உண்டா? இல்ல, ஒனக்குத்தான் வரி கெட்டுவாவளா?”

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அந்தப் பேரரசின் எல்லை எங்கே முடிகிறது என்று அவருக்கே முதல்முறையாகத் தெரியும். வரைபடத்தில் அழகாகக் கோடு போட்டு மூன்று வாரம் வண்ணம் தீட்டினாலும் இது வராது. வரைபடம் வரைவது சுகமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எந்த விலைக்குச் சண்டை நிற்கும்?

எதிரிக்கு உலகை அழிப்பதைத் தவிர வேறு ஆசையே இல்லாமல் செய்துவிட்டால் அவனோடு பேரம் பேச முடியாது, ஏமாற்ற முடியாது, சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது. வெட்ட மட்டும்தான் முடியும். ஆர்.பி.ஜி.யில் வாய்க்கும் சுவாரசியத்தில் முக்கால்வாசி இப்படிப் போய்விடுகிறது.

நம்மூர்ச் சரித்திரத்திலேயே பாருங்கள். டச்சுக் கம்பெனிக்கு வேண்டியது மிளகு. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா மிளகு விளையும் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போக, அவற்றோடு கம்பெனி போட்டிருந்த மிளகு ஒப்பந்தங்கள் ஆட்டம் கண்டன. அதனால் வந்த போரில் கம்பெனி 1741-ல் குளச்சலில் தோற்றது. கதை அங்கே முடியவில்லை. பிடிபட்டவர்களில் டி லனாய் என்ற அதிகாரி திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து அதை ஐரோப்பிய முறையில் பழக்கினார். 1777-ல் அவர் இறந்தபோது உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கல்லறையை இன்றும் பார்க்கலாம். 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கை வந்தது: மிளகு கம்பெனிக்கு, ஆயுதம் திருவிதாங்கூருக்கு. குளச்சலில் தோற்றவன் பன்னிரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் ஆகிவிட்டான்.

எனவே ஒவ்வொரு போட்டி நாட்டுக்கும் இரண்டு விஷயங்களை எழுதிவிடுங்கள். எந்த விலை கிடைத்தால் அது சண்டையை நிறுத்தும்? அதன் ஆட்களில் யார் பக்கம் மாறக்கூடியவர்? இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு ஆள் போதும், பெயரோடு.

எல்லாம் ஒருவர் கையில்

1974-ல், இந்த வகை விளையாட்டுக்கு வழிபோட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது அதன் வேர் போர் விளையாட்டுகளில் இருந்தது. அங்கே நடுவர் ஒருவர் களத்தை அமைப்பார், மற்றவர்கள் ஆடுவார்கள். உலகத்தை உருவாக்குவது, ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டரின் வேலை என்ற பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. கூட்டாகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற குழுக்களிலும் பாருங்கள்: நாலு பேர் யோசனை சொல்வார்கள், ஒருவர் இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தி நாற்பது பக்க பி.டி.எஃப்.பாக வாட்ஸ்அப்பில் போடுவார். மற்றவர்கள் தம்ஸ்அப் போட்டுவிட்டுப் படிக்க மாட்டார்கள்.

மருந்து எளியது. பேரரசை ஒருவர் பார்த்துக்கொண்டால் போட்டி நாடுகளை வேறு வேறு ஆட்களுக்குக் கொடுங்கள். கார்வயல்காரர் மேல்மடையாரைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், வதந்தி எழுதலாம். மேல்மடையார் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் அவர் எழுதக் கூடாது. கேம் மாஸ்டருக்கும் ஒரு நாடு போதும். தன் நாட்டுக்காக வாதாட ஓர் ஆள் மேசையில் இருக்கும்போது எந்த நாடும் இருண்ட நாடாகச் சுருங்காது.

இருவர் ஒன்றுக்கொன்று முரணாக எழுதிவிட்டால் உடனே ஓட்டெடுப்பு நடத்திச் சரிசெய்ய ஓடாதீர்கள். கணவாயிலுள்ள கோட்டையைத் தங்கள் பாட்டன் கட்டியதாகக் கார்வயலும் சொல்கிறது, மேய்ச்சல்காரர்களும் சொல்கிறார்கள் என்றால் அப்படியே இருக்கட்டும். நிஜ நாடுகள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் படை திரட்டியிருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் ஆகாது. ஒருவர் டிராகன் கேட்பார், ஒருவர் நீராவி ரயில், இன்னொருவர் விண்கலம். யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று மூன்றையும் சேர்த்தால் அந்த உலகத்தில் எது நடந்தாலும் யாருக்கும் ஆச்சரியம் வராது. 2011-ல் வந்த மைக்ரோஸ்கோப் என்ற விளையாட்டு இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: ஆரம்பத்திலேயே ‘இது இருக்கும்’, ‘இது இருக்காது’ என்று இரண்டு பட்டியல், ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும், யாராவது சேர்க்க ஒன்றுமில்லை என்றால் அந்தச் சுற்றோடு நிறுத்த வேண்டும். வேறு எந்த விளையாட்டை ஆடினாலும் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பேரரசன் சொன்னால் நாடே கேட்குமா?

“கார்வயல் போர் தொடுக்கிறது” என்று சட்டென்று எழுதிவிடுகிறோம். கார்வயல் என்றால் யார்? மார்த்தாண்ட வர்மாவுக்கு டச்சுக்காரர்களுக்கு முன்னாலேயே எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பலம்வாய்ந்த பிரபுக்களின் தலைவலி உள்ளூரிலேயே இருந்தது. அவர்களை ஒடுக்கி, நாட்டையும் விரித்தபின், 1750-ல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படிதானமாக எழுதிவைத்து, பத்மநாபதாசன், அதாவது பத்மநாபனின் அடிமை, என்ற பெயரில் ஆண்டார். இனி அரசனை எதிர்ப்பவன் சாமியின் சொத்தில் கைவைப்பவன் ஆகிறான். பக்தியும் இருக்கலாம், அரசியல் கணக்கும் இருக்கலாம். எப்படியானாலும் அபாரமான நகர்வு. உங்கள் பேரரசனுக்கு உள்ளே யார் அடங்கவில்லை, தன் அதிகாரம் எங்கிருந்து வந்ததாக அவன் சொல்லிக்கொள்கிறான் என்ற இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த அரண்மனையில் பிளேயர்களுக்குச் செய்ய ஒன்றுமிருக்காது.

நிஜக் காயங்கள்

நம் மாவட்டத்திலிருந்து கடன் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். இங்கே வரி என்றால் வெறும் கஜானாக் கணக்கு கிடையாது, உடை என்றால் வெறும் துணி கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே இங்கே தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859-ல்தான் அரச அறிவிப்பு வந்தது. போராடின குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே மேசையில் பகடை உருட்டுகிறோம்.

ஃபேண்டஸியில் ‘இனம்’ என்று வரும் இடத்தில் நம் கை தானாகவே சாதியை எழுதிவிடுகிறது. மலையில் இருப்பவர்கள் மந்திரம் தெரிந்த காட்டுவாசிகள், கடற்கரையில் இருப்பவர்கள் முரடர்கள், வயல்காரர்கள் நாகரிகமானவர்கள். கூடவே ஒவ்வொரு இனத்துக்கும் புத்திக்கு இத்தனை மைனஸ், பலத்துக்கு இத்தனை பிளஸ் என்று எண்ணும் போட்டுவிட்டால், நிஜ வாழ்க்கையில் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்றை விதியாகவே அச்சடித்துவிட்டோம் என்று அர்த்தம். இருக்கிற சமூகத்தின் பெயரையோ, குலதெய்வத்தையோ, வசைச்சொல்லையோ அப்படியே எடுக்காதீர்கள். அடக்குமுறை கதையில் வரலாம். வந்தால் அடக்கப்படுகிறவர்களின் நாட்டை எழுதுகிறவருக்கே அதில் கடைசி வார்த்தை. விளையாடுவதற்கு முன்பே, எது கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடந்ததாகச் சொன்னால் போதும் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் “நமக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மக்கா” என்றுதான் பதில் வரும்.

தூரம், பெயர்

இவை சின்னத் தவறுகள். மூவாயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குப் பேரரசு வரைந்துவிட்டு, எல்லையில் நடந்த கலகச் செய்தி மறுநாளே தலைநகருக்கு வருவதாக எழுதுவார்கள். பாரம் சுமந்த படை ஒரு நாளில் நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி வரை, சுமார் 20 கிலோமீட்டர், போனாலே பெரிசு. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உலகத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள்; ஒன்றும் குறையாது. பெயர்களில், எல்டோரியா மாதிரி எங்கேயும் ஒட்டாதவற்றை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்து வையுங்கள். கோடு, விளை, குறிச்சி, துறை, பாறை என்று முடியும் பெயர்கள் ஊர் எப்படிப்பட்ட இடம் என்பதையும் கூடவே சொல்லிவிடும், கேம் மாஸ்டருக்கு வர்ணனை மிச்சம்.

எப்போது நிறுத்துவது

உலகத்தை உருவாக்குவதிலேயே ஆறு மாதம் போய், ஒரு பகடையும் உருளாமல் கலைந்த குழுக்கள் நிறைய. வம்ச வரலாறு, நாணயம், நாள்காட்டி எல்லாம் விளையாடும்போது தேவைப்பட்டால் வரட்டும். வேண்டுமென்றே நாலைந்து இடங்களைக் காலியாக விடுங்கள். அவற்றை நிரப்பும் உரிமை, அங்கே முதலில் போய்ச் சேரும் கேரக்டரின் பிளேயருக்கு. மேல்மடையில் இந்த வருடம் மதகுச் சாவி யாரிடம், அவருக்குக் கார்வயலில் யார் பணம் பாக்கி என்ற அளவுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விளையாட ஆரம்பிக்கலாம்.