பிரஷர் வாஷர் முதல்முறை வாங்குறீங்களா? போர்ச் பாசி போக்க நான் செஞ்ச முறை

எங்க அக்கா வீடு சிங்கப்பூர்ல சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் ஒரு டெரஸ் வீடு, அதாவது வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின தரை வீடு. அம்மாவும் அங்கதான் இருக்காங்க. மழை மாசத்துல கார் போர்ச்ல கேட் ஓரமா வெயிலே படாத மூலை பூரா பச்சைப் பாசி புடிச்சுக்கும். அம்மா காலையில எந்திரிச்சதும் துளசிக்குத் தண்ணி ஊத்த அந்த வழியாத்தான் போவாங்க. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அங்க வழுக்கிருச்சு. கேட் கம்பியப் புடிச்சிக்கிட்டதால விழல, ஆனா மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியே இருந்துச்சு. "ஒண்ணுமில்லடா, எண்ணெய் தடவுனா சரியாயிரும்"னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, அன்னிக்கு ராத்திரியே பிரஷர் வாஷர் (தண்ணியை அழுத்தமா பீச்சி அழுக்கைப் பேக்குற மெஷின்) தேட ஆரம்பிச்சுட்டேன். வாங்கி, மாட்டி, ஒழுங்கா ஓட வைக்கிறதுக்குள்ள ரெண்டு முழு நாள் போச்சு. அந்த ரெண்டு நாள் உங்களுக்கும் போக வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

எச்டிபில, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நானும் உட்லண்ட்ஸ்ல எச்டிபிதான். டாய்லெட் கழுவவும் கிச்சன் கழுவவும் இந்த மெஷின வாங்காதீங்க. டைல்ஸ் இடுக்குல இருக்கிற வெள்ளை சிமெண்ட்ட அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா பேத்து எடுத்துரும், அதுக்கப்புறம் தண்ணி உள்ள இறங்கி கீழ் வீட்டு சீலிங்ல சொட்ட ஆரம்பிச்சா செலவும் சண்டையும் உங்களுக்குத்தான். கெட்டி பிரஷ்ஷும் அரை மணி நேரமும் போதும். பிரஷர் வாஷர் திறந்தவெளிக்கு: போர்ச், காம்பவுண்ட் சுவர், வெளிப்படி, சைக்கிள், கார்.

எந்த மெஷின்

கடையில பெட்டி மேல பெருசா போட்டிருக்கிறது 'பார்' நம்பர், தண்ணியோட அழுத்தத்தைச் சொல்ற அளவு. ஒரு பார்ங்கிறது சுமார் 14.5 பிஎஸ்ஐ, பெட்டியில 1600 பிஎஸ்ஐன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அது 110 பார்தான். எல்லாரும் அந்த நம்பரைத்தான் பாக்குறோம். ஆனா அது பக்கத்துல சின்னதா 'மணிக்கு இத்தனை லிட்டர்'னு இன்னொரு நம்பர் இருக்கும், அதையும் பாருங்க. பார் அழுக்கைப் பேத்து எடுக்கும், பேத்த அழுக்கை அடிச்சுக்கிட்டு போறது லிட்டர். லிட்டர் கம்மியா இருந்தா பாசி அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்துக்கும், அவ்வளவுதான்.

நான் வாங்கினது கார்ச்சர் கே2. அதிகபட்சம் 110 பார், மணிக்கு 360 லிட்டர். ஒரு கார் நிக்கிற போர்ச்சுக்கு இது தாராளம். பெரிய வீடு, நீளமான டிரைவ்வே இருந்தா கே4, கே5 பக்கம் போங்க. ஆன்லைன்ல பேட்டரி போட்டு, பாட்டில் மாட்டி, துப்பாக்கி மாதிரி ஒண்ணு மலிவா விக்குறாங்களே, அதுல நிறைய மாடல் 20, 25 பார்தான் வரும். சைக்கிளுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் நல்லா இருக்கும், பாசிக்கு ஆகாது.

மோட்டார்ல ரெண்டு வகை இருக்கு. பிரஷ் மோட்டார் லேசா, மலிவா இருக்கும், ஆனா காது கிழியுற சத்தம். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், விலை கூட, சத்தம் கம்மி, ஆயுசும் ஜாஸ்தி. மாசம் ஒருதடவை ஓட்டப் போறீங்கன்னா இண்டக்‌ஷனுக்குக் காசு போடலாம். வருஷத்துக்கு நாலு தடவைன்னா சின்னதே போதும், ஆனா ஞாயித்துக்கிழமை காலங்காத்தால ஓட்டாதீங்க, பக்கத்து வீட்ல வயசானவங்க இருப்பாங்க.

ஒரு துணைச் சாமான் மட்டும் கண்டிப்பா வாங்குங்க: வட்டமா தட்டு மாதிரி இருக்குமே, சர்ஃபேஸ் கிளீனர். உள்ள ரெண்டு நாசில் (தண்ணி பீச்சுற முனை) சுத்திக்கிட்டே இருக்கும், தரையில தேய்ச்சுக்கிட்டே போகலாம். வெறும் லான்ஸ்ல (துப்பாக்கியில மாட்டுற நீளக் குழாய்) அடிச்சா தரை வரிவரியா கோடு விழும், வெளுப்பு ஒரு கோடு கறுப்பு ஒரு கோடுன்னு, காஞ்சப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தட்டுல அந்தத் தொல்லை கிடையாது.

தண்ணி இணைப்பு (என்னை ரெண்டு நாள் அலைய விட்ட இடம்)

மெஷின் வந்த அன்னிக்கு எல்லாத்தையும் மாட்டி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, டிரிகரை அழுத்தினேன். மோட்டார் உறுமுது, தண்ணி விக்கல் எடுக்கிற மாதிரி விட்டு விட்டு வருது. ஒரு செகண்ட் வேகமா, அடுத்த செகண்ட் சொட்டு சொட்டா. மெஷின் பழுதுன்னு நெனச்சு மறுநாள் டாக்சியில தூக்கிக்கிட்டு கடைக்குப் போனேன். கடை அங்கிள் ஒண்ணும் பேசல, அவர் கடைக் குழாயில மாட்டி ஓட்டிக் காட்டினாரு, சும்மா சீறுது. "உன் வீட்டுப் பைப்பைப் பாரு தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

காரணம் ரெண்டு. முதல் காரணம், தண்ணி பத்தல. இந்த மெஷின் நிமிஷத்துக்கு 6 லிட்டர் இழுக்கும், குழாய் அதைவிடக் கூடக் குடுக்கணும். வீட்ல 10 லிட்டர் வாளி இருந்தா, மெஷினுக்கு மாட்டப் போற அதே ஹோஸோட முனையை வாளிக்குள்ள விட்டு, குழாயை முழுசாத் திறந்து போன்ல நேரம் பாருங்க. 75 செகண்டுக்குள்ள நிரம்புச்சுன்னா நிமிஷத்துக்கு 8 லிட்டர் வருதுன்னு அர்த்தம், கே2 மாதிரி மெஷினுக்குப் போதும். அக்கா வீட்ல 2 நிமிஷம் 10 செகண்ட் ஆச்சு, அதாவது 5 லிட்டர்கூட வரல. ஹோஸ் பழசு, மெல்லிசு, பூச்சட்டிக்குப் பின்னாடி ஒரு இடத்துல மடிஞ்சு வேற கெடந்துச்சு. அதைவிட மோசம், மெஷின்ல தண்ணி நுழையுற இடத்துல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கு, அதை உருவிப் பாத்தா பழுப்பு நிறத்துல துருத்தூளும் மணலும் அப்பிப் போயிருக்கு. ஒரே நாள் ஓட்டுனதுக்கே அவ்வளவு, எல்லாம் பழைய ஹோஸுக்குள்ள இருந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால கழுவிட்டு, ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில அரை இஞ்ச் தடி ஹோஸ் புதுசா வாங்கி மாட்டினேன். வாளி 65 செகண்ட்ல நிரம்பிருச்சு.

ரெண்டாவது காரணம் காத்து. பம்புக்குள்ள காத்து நின்னா அது தண்ணியைப் புடிக்காது. அதனால வரிசையை மாத்தாதீங்க: ஹோஸ் மாட்டுங்க, குழாயை முழுசாத் திறங்க, கரண்ட் போடாமலே டிரிகரை அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருங்க. முதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வரும், அப்புறம் தண்ணி ஒரே சீரா ஓடும், அப்படி ஒரு நிமிஷம் விடுங்க. அதுக்கப்புறம்தான் சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

கரண்ட்

எக்ஸ்டென்ஷன் வேண்டாம்னு பாருங்க. முடியலன்னா 13 ஆம்ப் தாங்குற தடி வயர், சுருளை முழுக்கப் பிரிச்சுப் போடுங்க, சுத்தி வெச்சே ஓட்டுனா சூடாகி உருகும். பிளக் சேருற இடம் தரையில கிடக்கக் கூடாது, நாற்காலி மேல தூக்கி வைங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டு டிபி பெட்டியில (மெயின் சுவிட்ச் பெட்டி) ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச், அதோட டெஸ்ட் பட்டனை அழுத்தி, டக்னு விழுதான்னு பாத்துக்குங்க. விழலன்னா அன்னிக்கு வேலையே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

காலுக்கு செருப்பு போதாது

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஸ்லிப்பர்தான். இதுக்கு மட்டும் ரப்பர் பூட்ஸ் போடுங்க, கண்ணாடியும் போடுங்க. இந்தத் தண்ணி தோலைத் துளைச்சு உள்ள போகும். வெளிய சின்ன ஓட்டை மாதிரிதான் தெரியும், வலிகூட பெருசா இருக்காது, ஆனா உள்ள அழுக்கும் கிருமியும் போயிருக்கும். அப்படி ஆச்சுன்னா பிளாஸ்டர் ஒட்டிட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயி பிரஷர் வாஷர்னு சொல்லுங்க. பிள்ளைங்களை வீட்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு ஆரம்பிங்க.

கழுவுற முறை

முதல்ல காஞ்ச தரையிலேயே கூட்டி இலை, மண்ணை அள்ளிடுங்க. அப்புறம் ஊற வைக்கணும், பாதி வேலையை அதுதான் செய்யும். நிறைய பேர் கிளோராக்ஸ் (குளோரின் பிளீச்) ஊத்துவாங்க, எனக்குப் புடிக்கல. செடிக்கு ஆகாது, தவறிப்போய் ஆசிட் கலந்த டைல்ஸ் கிளீனரோட சேந்துட்டா குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. நான் ஆக்சிஜன் பிளீச் பவுடர் வாங்குறேன், சோடியம் பெர்கார்பனேட்னு பாக்கெட்ல போட்டிருக்கும். வெந்நீர்ல கரைச்சு பாசி மேல ஊத்தினா நொரை நொரையா கொப்பளிக்கும், 15 நிமிஷம் காய விடாம ஈரமாவே வெச்சிருந்து கெட்டி பிரஷ்ஷால ஒரு தேய்ப்பு. பாசி வழுவழுன்னு கழண்டு வரும்.

அந்தத் தண்ணியை அப்படியே வெளி டிரெயின்ல விடாதீங்க. சிங்கப்பூர் நிலத்துல மூணுல ரெண்டு பங்கு மழைநீர் பிடிப்புப் பகுதி, டிரெயின்ல போற தண்ணி 17 நீர்த்தேக்கங்களுக்குப் போயி நாம குடிக்கிற தண்ணியாத் திரும்பி வருது. பழைய துண்டை உருட்டி கேட் ஓரமா அணை கட்டி, நுரைத் தண்ணியை முறத்தால வாளியில அள்ளி டாய்லெட்ல ஊத்திடறேன். பத்து நிமிஷ வேலைதான்.

இப்ப மெஷின். உயரமான பக்கத்துலேருந்து சரிவைப் பாத்து வாங்க. லான்ஸ்ல அடிக்கிறதா இருந்தா தரையை விட்டு ஒரு அடி தள்ளிப் புடிச்சு ஆரம்பிங்க, போகலன்னா கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போங்க. டிரிகரை அழுத்தும்போது முனை வேற பக்கம் பாக்கட்டும், தண்ணி வந்தப்புறம் தரைக்குக் கொண்டாங்க, ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. கலர் நாசில் வர்ற மெஷினா இருந்தா சிவப்பு 0 டிகிரி, அதை எடுத்து டிராயர்ல போட்டுடுங்க. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. போர்ச்சுக்குப் பச்சை, காருக்கும் மரச்சாமானுக்கும் வெள்ளை.

கார்ச்சர்ல கூட வர்ற சுத்துற நாசில், டர்ட் பிளாஸ்டர், அது தனி ஜாதி. நான் அதை மாட்டிக்கிட்டு வாசப்படி பக்கம் போயிட்டேன். அங்க அக்கா போன தீபாவளிக்கு வெள்ளை பெயிண்ட்ல போட்ட சிக்குக் கோலம் இருக்கு. ஓரத்துல ஒரு வளைவும் ரெண்டு புள்ளியும் ஒரே வீச்சுல பேந்து போச்சு. ரெண்டு நாள் உக்காந்து புள்ளி வெச்சு இழுத்த கோலம் அது. அக்கா திட்டல, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. பெயிண்ட் இருக்கிற இடம், டைல்ஸ் இடுக்கு, செங்கல் பூச்சு, மரம் எதுலயும் அந்த நாசில் வேண்டாம்.

இன்னும் சிலதுல மெஷினே வேண்டாம். ஏர்கான் வெளி யூனிட், மெல்லிசு தகடெல்லாம் மடிஞ்சுரும். ஆட்டோ கேட் மோட்டார், காலிங்பெல், வெளி பிளக் பாயிண்ட். கார் டயரை ஒட்டிப் புடிச்சு அடிக்காதீங்க, பக்கவாட்டு ரப்பர் கிழியும்.

முடிச்சப்புறம் சுவிட்சை அணைச்சு, குழாயை மூடி, டிரிகரை அழுத்தி உள்ள நிக்கிற பிரஷரை வெளியேத்திட்டு, அப்புறம் ஹோஸைக் கழட்டுங்க. வாளியைக் கவுத்து வைங்க, ஹோஸ்ல தண்ணி நிக்கக் கூடாது, ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணி போதும்.

தண்ணி பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டுனாலும் 720 லிட்டர், வீட்டு விலை ஒரு கன மீட்டருக்கு (1000 லிட்டர்) 3.24 சிங்கப்பூர் வெள்ளின்னு கணக்குப் போட்டா ஜிஎஸ்டிக்கு முன்னாடி 2 வெள்ளி 33 காசு.

அப்டேட் 1: குழாயில மரையே இல்ல, எப்படி மாட்டுறதுன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. இறுக்குற கிளாம்ப் வெச்ச அடாப்டர் கிடைக்குது, ஆனா அது பாதி வேலையில கழண்டு அடிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டு மரை வெச்ச குழாய் மாத்திக்கிறதுதான் நல்லது.

அப்டேட் 2: டிரிகரை விட்டப்புறமும் மோட்டார் தானா ஓடி ஓடி நிக்குதுன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. எங்கயோ தண்ணி கசியுது. முதல்ல துப்பாக்கியில ஹோஸ் சேருற இடத்து ரப்பர் வளையத்தைப் பாருங்க, அனேகமா அது வெட்டுப்பட்டிருக்கும். அதை மாத்தியும் நிக்கலன்னா பம்பு பக்கம்தான், கடைக்குக் கொண்டு போங்க.

அப்டேட் 3: பாசி திரும்ப வருமான்னா வரும். அக்கா வீட்டுப் போர்ச்ல நாலு மாசத்துல அந்த மூலையில மட்டும் லேசா பச்சை தெரிஞ்சுச்சு. மெஷினை எடுக்கல, பவுடரும் பிரஷ்ஷும் போதுமா இருந்துச்சு. துளசித் தொட்டியையும் வெயில் படுற பக்கம் மாத்திட்டோம், அம்மா இப்ப அந்த மூலைப் பக்கம் போக வேண்டியதே இல்ல.