கல்ச்சர் நார்மல், ஆனா எரியுது: என்ன பண்ணலாம்

யூரின் போனா எரியுது, போயிட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல திரும்ப வர்ற மாதிரி இருக்கு, டைட் ஜீன்ஸ் போட்டா கீழ வலிக்குது. வீட்ல சொன்னா சூடு பிடிச்சிருக்கு, சீரகத் தண்ணி குடின்னு முடிச்சிடுவாங்க, மெடிக்கல் ஷாப்ல சொன்னா ஒரு ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப் கிழிச்சு குடுப்பாங்க. நான் அப்படியே மூணு தடவை போட்டேன், அப்புறம் டெஸ்ட் எடுத்தா கிருமியே இல்ல.

மொதல்ல ஒண்ணு, காய்ச்சல் குளிர், முதுகுப்பக்கம் விலாவுக்குக் கீழ வலி, வாந்தி, யூரின்ல ரத்தம், சுத்தமா யூரினே வரலைன்னா, இல்ல கர்ப்பமா இருந்தா, இத படிச்சிட்டு இருக்காம இன்னைக்கே டாக்டர்ட்ட போங்க.

மத்தவங்க மாத்திரைக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் (யூரின்ல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) குடுங்க. பொண்ணுங்களுக்கு யூரின் வர்ற குழாய் 4 செ.மீ. அளவுதான், அதனால இன்ஃபெக்ஷன் ஈஸியா வரும், அது உண்மை. ஆனா எரிச்சல் எல்லாமே இன்ஃபெக்ஷன் இல்ல. கழுவிட்டு, மொதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத டப்பால பிடிங்க, சீக்கிரம் லேப்ல குடுத்துடுங்க. ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும்.

எரிச்சல் எங்கன்னும் கவனிங்க. உள்ள குழாய்லயா, இல்ல யூரின் வெளிய தோல்ல படும்போதா? வெளியன்னா ஈஸ்ட்ங்கற பூஞ்சைத் தொற்று, புண்ணு, சோப்பு அலர்ஜின்னு வேற லிஸ்ட். வாசனை வாஷ், ஆன்டிசெப்டிக் ஊத்தின தண்ணி எல்லாத்தையும் நிறுத்துங்க, வெறும் தண்ணி போதும்.

கல்ச்சர்ல ஒண்ணும் இல்ல, மத்த டெஸ்ட்டும் சரின்னா அடுத்த சந்தேகம் இடுப்புக்கு அடியில இருக்கற தசை மேல, பெல்விக் ஃப்ளோர்னு சொல்றாங்களே அதான். யூரின் வரணும்னா அது தளரணும். நாம என்ன பண்றோம், காலேஜ் டாய்லெட் நாறுதுன்னு சாயங்காலம் வரை அடக்குறோம், பஸ்ஸ்டாண்ட்ல வெஸ்டர்ன் டாய்லெட் மேல படாம அந்தரத்துல நிக்கிறோம், தொடை எல்லாம் இறுகிக் கிடக்கும்போது கீழ மட்டும் எப்படி தளரும்? அப்ப விட்டு விட்டு வரும், முக்குவோம், அது இன்னும் இறுகும். முழுசா உக்காருங்க, பயமா இருந்தா டிஷ்யூ போட்டு உக்காருங்க, பாதம் தரையில படணும், முழங்கை முழங்கால் மேல, வயிறு உப்புற மாதிரி மூச்சு, முக்கவே கூடாது. நம்ம இந்தியன் டாய்லெட் இதுக்கு நல்லதுதான், கிண்டல் பண்ணாதீங்க.

யூட்யூப் பாத்து கீகல், அதாவது இந்த தசைய இறுக்கி இறுக்கி விடுற பயிற்சிய ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே இறுகின தசைய இன்னும் இறுக்குனா வலி கூடும். பெல்விக் ஃப்ளோர் தெரிஞ்ச பிசியோ இருக்காங்களான்னு கைனகாலஜிஸ்ட்ட கேளுங்க, வாரக்கணக்குல ஆகும், ரெண்டு நாள்ல நடக்காது.

டாக்டர்ட்ட போறதுக்கு முன்னாடி 3 நாள் குறிப்பு எழுதுங்க, எத்தனை மணிக்கு யூரின் போனீங்க, எவ்ளோ மில்லி (பழைய அளவு கப் போதும்), டீ காபி எத்தனை, வலி எப்ப. இது டாக்டருக்கு ரொம்ப உதவும். பீரியட்ஸ் நாள்ல கூடுதான்னும் எழுதுங்க.

அங்க "கல்யாணம் ஆச்சா?"ன்னு கேப்பாங்க, அவங்க கேக்குறது செக்ஸ் வச்சிருக்கீங்களான்னு. கல்யாணம் ஆகலைன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா கிளமிடியா மாதிரி செக்ஸ் மூலமா பரவுற இன்ஃபெக்ஷனுக்கான டெஸ்ட் விட்டுப் போயிடும், சாதா கல்ச்சர்ல அது தெரியாது. அம்மா பக்கத்துல இருந்தா தனியா பேசணும்னு சொல்லுங்க. பெண்ணுறுப்போட வெளிப்பக்கம் மூணு மாசத்துக்கு மேல காரணமே தெரியாம வலி இருந்தா, அதுக்குப் பேரு வல்வோடினியா, அதுவான்னு நேரா கேளுங்க. பஞ்சுக்குச்சியால அங்கங்க லேசா தொட்டு எங்க வலிக்குதுன்னு பாப்பாங்க, அவ்ளோதான். வலிச்சா நிறுத்துங்கன்னு சொல்லலாம், நிறுத்தித்தான் ஆகணும்.