மனையின் அடியில் கழுவெளி இருக்கிறதா?

போன ஐப்பசியில் என் தங்கை மகள் பட்டா நகலோடு வந்தாள். "பெரும்பாக்கம் பக்கம் மனை, மாமா. வில்லங்கம் எதுவும் இல்லை. நாளைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறோம்" என்றாள். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் நில அளவராக இருந்தவன் நான். கழுவெளி என்கிற சதுப்பு நிலத்துக்கும் சுத்தமான பட்டா இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் புல எண்ணையும் உட்பிரிவையும் வைத்துக்கொண்டு, அரசின் இணையச் சேவையில் அ பதிவேட்டையும் (புல எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படத்தையும் எடுங்கள். வகைப்பாடு என்ற இடத்தில் ஏரி, ஓடை, தாங்கல், கழுவெளி, நீர்நிலைப் புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 'ரயத்துவாரி', அதாவது தனியார் பட்டா நிலம், என்றிருந்தாலும் நிம்மதி வேண்டாம். இன்று கிடைப்பது யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்துக்குப் பின் வந்த பதிவு. அதற்கு முந்தைய அ பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். ஒரே புல எண்ணுக்கு இரண்டிலும் வேறு வேறு வகைப்பாடு இருந்தால், எந்த ஆணையின் பேரில் மாறியது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராத மனையை வாங்காதீர்கள்.

அடுத்தது எல்லை. சென்னையின் தெற்கே பெரும்பாக்கத்தை ஒட்டியுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் மனை எங்கே விழுகிறது என்பதைத் தரகரிடம் கேட்காமல், புல எண்ணைக் குறிப்பிட்டு சி.எம்.டி.ஏ.வுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வனத்துறைக்கும் எழுதிக் கேளுங்கள்.

"இது பாசன ஏரிதான், ஈரநிலச் சட்டம் பொருந்தாது" என்று சிலர் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயலையும் பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலையையும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏரிகளைக் காக்க 2007-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே அந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி நிலத்துக்கு நேரில் போக வேண்டும். கோடையில் போனால் ஒன்றும் தெரியாது; வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள் போங்கள். வேலியோரம் சதுப்பில் வளரும் சம்பங்கோரை நிற்கிறதா, நீர்ப்பறவையான நீலத் தாழைக்கோழி நடமாடுகிறதா என்று பாருங்கள். பிறகு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு ஒரு குழி தோண்டுங்கள். நாங்கள் தோண்டியபோது முதல் இரண்டடி செம்மண்ணும் உடைந்த செங்கல்லும்தான் வந்தன, எல்லாம் கொட்டி நிரப்பியவை. அதற்குக் கீழே கடப்பாரை 'சளக்'கென்று இறங்கியது. வந்தது சாம்பல் நிறக் களிமண். கையில் பிட்டுப் பார்த்தால் பழைய வேர் ஓடிய துளைகளைச் சுற்றித் துரு நிறக் கோடுகள். தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் இரும்பு கரைந்து, வேர் வழியாகக் காற்று பட்ட இடத்தில் மட்டும் துருவாகப் படியும். பல வருடம் நீரில் ஊறிய மண் இப்படித்தான் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. மண்ணைக் கொட்டி மேட்டை உயர்த்தலாம், இந்த அடையாளத்தை மாற்ற முடியாது.

செயற்கைக்கோளின் பழைய படங்களையும் கூகுள் எர்த்தில் ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் தண்ணீர் அங்கே தங்கியிருக்கிறது என்று பொருள்.

மறுநாள் காலை குழியைப் போய்ப் பார்த்தோம். நீர் தரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. தங்கை மகள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழியை மூடிவிட்டு வந்தோம். முன்பணம் கொடுக்கவில்லை.