கடுவன் பூனை சுவரில் மூத்திரம் பீய்ச்சுகிறதா?

வாலை நிமிர்த்தி, நுனி துடிக்க, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றால் அது எல்லை குறிக்கிறது. அடிக்காதீர்கள்; மிரண்டால் இன்னும் பீய்ச்சும். நிலையான தீர்வு ஆண்மைநீக்க அறுவை சிகிச்சைதான். 5, 6 மாத வயதிலேயே செய்தால் பெரும்பாலும் பழக்கமே படியாது. வளர்ந்த கடுவனுக்கு அடங்கச் சில வாரம் பிடிக்கும்.

பலரும் செய்யும் தவறு, பினாயில் போட்டுத் துடைப்பது. பூனைக்கு அது விஷம். பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் என்சைம் சலவைத்தூள் கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அது உலரும்வரை பூனையை அண்டவிடாதீர்கள். கதவின் அடிச்சட்டம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே என்று மறைவிடங்களையும் பாருங்கள். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும்.

மதுரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் அதிகம். தெருக் கடுவன் மதில்மேல் நடந்தாலே உள்ளே இருப்பது சன்னலோரம் பீய்ச்சும். சன்னலின் கீழ்ப்பாதியைக் காகிதம் ஒட்டி மறையுங்கள்.

மண்தட்டில் உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதென்றால் அது மூத்திர அடைப்பாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.