டியூடர் முகப்பு: பலகை ஒட்டுவதற்கு முன்

எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் டியூடர் பாணி வீட்டுக்கு (பதினாறாம் நூற்றாண்டையொட்டி இங்கிலாந்தில் மரச் சட்டங்கள் வெளியே தெரியக் கட்டிய பாணி) முகப்பு வரைந்து நீட்டும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் வந்து நிற்கின்றன. அளவு பிசகுவது போன்றவை வரைபடத்திலேயே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதையும் தாங்காத மரம்

இங்கிலாந்தின் செஷைரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் மாளிகையில் முகப்பில் தெரியும் ஓக் மரச் சட்டங்கள்தான் வீட்டையே தாங்குகின்றன. அடியில் படுக்கைக் கட்டை, அதன்மேல் தூண், தூணின் தலையில் உத்தரம், ஆடாமல் பிடிக்கச் சாய்வுக் கட்டை. இடையில் உள்ள கட்டங்கள் வெறும் அடைப்பு.

நம்மவர்களோ ஓர் அங்குலப் பலகையைச் சுவரில் மனம்போன போக்கில் ஒட்டுகிறார்கள். அண்மையில் பார்த்த வரைபடத்தில் ஒரு தூண், அகலமான ஜன்னலின் நட்டநடுவில் வந்து இறங்கியிருந்தது. அதன் கீழே இருந்தது கண்ணாடி மட்டுமே! "அலங்காரம்தானே" என்றார் வரைந்தவர். எனக்கு இன்னும் ஆறவில்லை. அலங்காரமே ஆனாலும், பாரம் தரைக்கு எந்த வழியாக இறங்குகிறது என்று கண் தேடத்தான் செய்யும்.

செலவு வைப்பது இதற்குப் பிறகுதான். படுக்கைப் பலகையின் மேல்விளிம்பில் மழைநீர் தேங்கிப் பின்புறம் இறங்கும். சிமெண்ட் பூச்சு அதை உலரவிடாது. ஒரு வீட்டில் அப்படிப்பட்ட பலகையைக் கழற்றினோம். முன்பக்கம் வண்ணம் பளபளத்தது. பின்பக்கம் ஈரத்தூளாகக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் சுவரில் இருந்த பிளைவுட்டும் கருத்து ஊறிப்போயிருந்தது. முகப்பு முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

முதலில் உண்மையான சட்டகம்போல வரையுங்கள். பிறகு மேல்விளிம்பை வெளிச்சரிவாகச் சீவி, ஈயத் தகட்டை மடித்து மூடுங்கள். பலகைக்குப் பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள்.

கன்னங்கரிய வண்ணம்

பளிச்சென்ற கறுப்பு வெள்ளை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து மோகம். இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள லாவன்ஹம் ஊர் வீடுகளில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஓக் மரச் சட்டங்கள் எவ்வளவு அழகாக முதிர்ந்திருக்கின்றன! அதைப் பார்த்துவிட்டு வண்ணம் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னல்

ஒற்றைப் பெருங்கண்ணாடி கூடவே கூடாது.

கூரை

சரிவைக் குறைத்தால் எல்லாம் கெட்டது.

மாடி முன்தள்ளல்

மாடிச் சுவரைக் கீழ்ச்சுவரைவிட இரண்டு அங்குலம் மட்டும் முன்னால் தள்ளினால் கொத்தனார் செய்த பிழைபோலத் தெரியும். ஓர் அடியாவது தள்ளி, விட்டங்களின் முனைகள் கீழே தெரியும்படி விடுங்கள். இடம் போதாதென்றால் சுவரை நேராகவே எழுப்புங்கள்.