ஃபெரெட் எத்தனை வளர்ப்பது? என் அனுபவம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம் கருத்தடை செய்த ஒரு ஆண் ஃபெரெட் (கீரி மாதிரி நீளமான உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி) வாங்கினேன், ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். நான் வேலைக்குப் போனதும் அது கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் வாயோரம் முடி உதிர்ந்து சிவந்திருக்கும். மனசு கேட்கவில்லை.

ஒரு நாளில் 14 மணி நேரமாவது தூங்குகிற பிராணிதான், ஆனால் முழித்திருக்கும்போது கட்டிப் புரள இன்னொன்று வேண்டும். சரி என்று காப்பகத்திலிருந்து கருத்தடை செய்த ஒரு பெண் ஃபெரெட்டைக் கொண்டுவந்தேன் (கருத்தடையும் இல்லை, இணையும் இல்லை என்றால் பெண்ணுக்குச் சினைப்பருவம் நீண்டுகொண்டே போய் ரத்தசோகையில் உயிரே போகலாம், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்). இரண்டு வாரம் தனி அறை, படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனை பழக்கி, அப்புறம்தான் ஒன்றாக விட்டேன். முதல் நாள் பழையவன் அவள் பிடரியைக் கவ்வி இழுத்தான். நாலாம் நாள் ஒரே தொங்குமெத்தையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கம்.

ஒன்று போனால் மற்றது தனியாகிவிடுமே என்று மூன்றாவதுக்கும் ஆசை வந்தது. டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி, வயதானால் வருகிற இன்சுலினோமா என்கிற கணையக் கட்டிக்கு வைத்தியம், தினமும் சில மணி நேரம் வெளியே விட்டுக் கூடவே இருப்பது, எல்லாம் கணக்குப் போட்டு இரண்டோடு நிறுத்திவிட்டேன்.